பெயர்த்த பலகை

போஸ்னான் மாநகராட்சி, விளம்பரப் பலகைப் பிரிவு,
மூன்றாம் மாடி, ஜன்னல் திறக்காத அறை.
என் அளவுநாடாவில் முதல் இரண்டு சென்டிமீட்டர்
தேய்ந்து எண் தெரியாது.
பத்திலிருந்து அளக்கத் தொடங்குவேன்,
பிறகு கழித்துக்கொள்வேன்.

முகப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது.
முதல் மாடி விளிம்பைத் தாண்டக்கூடாது.
மினுக்கக்கூடாது, சுழலக்கூடாது.
விற்கும் பொருளின் வடிவத்திலேயே இருக்கக்கூடாது.
வேலைக்குச் சேர்ந்த புதிதில்
இந்தக் கடைசி விதியை மூன்று முறை படித்தேன்.
பல் மருத்துவர் ஒருவர் தன் பல்லைக் கழற்றிய அன்று
நான்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கிங்காவின் பூட்டுக்கடை மேல் ஒரு சாவி.
தகரம். ஆள் நீளம். படுத்தவாக்கில்
பதினெட்டு வருடம் கிடந்தது.
கெடு முடிந்த வாரம் அவளே ஏறி இறக்கினாள்;
நான்காவது திருகாணி மட்டும் துருவோடு அடம்பிடித்து
செங்கல் துணுக்கு ஒன்றையும் கூட்டிக்கொண்டு வந்ததாம்.
பழைய இரும்புக்கு எழுபது ஸ்லோட்டி, ரசீது காட்டினாள்.
கோப்பை மூடினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு புகார்.
எதிர்க்கடை மூக்குக்கண்ணாடிக்காரர் ஒக்தாவியன்
ஒரே வரி எழுதியிருந்தார்:
சாவி இன்னும் இருக்கிறது.

போனேன்.
இருந்தது.

நிலக்கரிக் குளிர்காலங்கள் சுவர் முழுவதையும் கருக்கியிருக்க
தகரத்தின் முதுகுக்குப் பின்னால் மட்டும்
மஞ்சள் மாறவேயில்லை.
வெண்ணெய் நிறத்தில், பற்கள் உட்பட,
இறக்கியதைவிடத் துல்லியமாக
ஒரு சாவி.

“எடுக்கச் சொன்னீர்கள், எடுத்துவிட்டேன்.
மிச்சம் இருப்பது சுவர்” என்றாள் கிங்கா
அரத்தைக் கீழே வைக்காமலே.

தெருவைத் தாண்டி வந்தார் ஒக்தாவியன்.
“என்னுடையது நியான். இரண்டே வருடம்.
கழற்றினேன், ஒரு கீறல்கூட மிஞ்சவில்லை.
முந்தி வந்தவளுக்கு
அழுக்குகூட ஊழியம் செய்யுமா?”

நியாயமான கேள்வி. விதிப்புத்தகத்தைப் பிரித்தேன்.
பலகை எனப்படுவது ஏதேனும் பொருளால் ஆனது,
கட்டிடத்தில் பொருத்தப்பட்டது.
இது எந்தப் பொருளால் ஆனது?
கரி இல்லாமையால்.
பொருத்தப்பட்டிருப்பது எது?
யோசித்தால், கரிதான்.
அப்படியானால் சாவி போக
மீதிச் சுவர் அத்தனையும் பலகை.
பத்தில் ஒரு பங்கைத் தாண்டிவிடுகிறது.

இதை வாய்விட்டுச் சொல்லவில்லை.
ஒரு மீட்டர் அறுபத்திரண்டு என்று குறித்துக்கொண்டேன்.

வண்ணம் பூசச் சொல்லலாம். ஆனால் கட்டிடம்
பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது;
நிற மாதிரி மூன்று பிரதி, எட்டு மாதம்.
கழுவச் சொல்லலாம். சாரம் கட்ட வேண்டும்,
சாரம் நடைபாதையில் நிற்கும்,
நடைபாதைக்கு நாள் வாடகை, சதுர மீட்டர் கணக்கில்.
கிங்கா விரல்விட்டு எண்ணத் தொடங்கி
பாதியில் விட்டுவிட்டாள்.

அப்போது ஒருவன் வந்தான்.
பனிச்சேற்றில் காலுறை மட்டும், செருப்பில்லை.
கையில் குப்பைத்தொட்டி, காலியாக.
கதவு பின்னால் சாத்திக்கொண்டதை
யாரும் கேட்காமலே தெரிந்துகொண்டோம்.
தெருவின் இருபுறமும் பார்த்தான்.
என்னைப் பார்த்தான், அளவுநாடாவைப் பார்த்தான்,
நிமிர்ந்து சுவரைப் பார்த்தான்.
நேராகக் கடைக்குள் போனான்.

ஒக்தாவியன் என் பக்கம் திரும்பினார்.
நான் காலணி நாடாவைக் கட்டக் குனிந்தேன்.

அறிக்கையில் ‘கண்டறிந்தது’ என்ற கட்டத்தில்
எழுதினேன்: பெயர்ப்பலகை அல்ல.
பெயர்த்த பலகை.
மேலதிகாரி கையெழுத்திட்டார்; படித்தாரா தெரியாது.

திங்கள்தோறும் ஒக்தாவியன் தொலைபேசியில் வருகிறார்.
பொறுங்கள், கரி படிந்தால் தானாக மறையும் என்கிறேன்.
எப்படிப் படியும், இந்த ஆண்டோடு
நிலக்கரி அடுப்பையே தடைசெய்துவிட்டீர்களே என்கிறார்.

அது வேறு பிரிவு, ஐயா.
இரண்டாம் மாடி.